கல்லறை வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம்

நாள் 1: புவெந்தே லா ரெய்னா

‘தாய் நவார்ரா, செவிலி காஸ்டில், பள்ளி பாரிஸ், பீடம் டொலேடோ, கல்லறை உவெர்தா, இளைப்பாறல் வானகம்.’ ஒரு மனிதரின் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கி லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். ரொட்ரிகோ ஹிமேனெஸ் தே ராதா, 1209 முதல் 1247 வரை டொலேடோவின் பேராயர். ஸ்பெயினின் வரலாற்றை எழுதியவர், அந்த வரலாற்றில் நடுவில் வந்து நின்றவரும் அவரே. இந்தக் கல்லறை வரியைப் படித்த அன்றைக்கே, இது ஒரு சுற்றுலாத் திட்டம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. பாரிஸுக்குக் காசு இல்லை, வானகத்துக்கு அவசரம் இல்லை. மிச்சம் நான்கும், அன்று தனித்தனி அரசுகளான நவார்ரா, காஸ்டில், பிறகு டொலேடோ நகரம், உவெர்தா மடம், இன்றைய ஸ்பெயினில்தான். பார்த்துவிடலாம் என்று கிளம்பியாயிற்று.

மாட்ரிட்டில் வேலை பார்க்கும் சித்தி மகன்தான் வண்டி ஓட்டுகிறான். “அக்கா, பீச்சுக்குப் போகலாம்னு சொன்னா பிஷப் கல்லறைக்குப் போகணும்ங்கற” என்று வழி நெடுக அலுத்துக்கொண்டே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினான்.

ரொட்ரிகோ பிறந்தது 1170ஐ ஒட்டி, இங்கே என்கிறார்கள். ஊரின் பெயருக்கு ‘ராணியின் பாலம்’ என்று பொருள். அர்கா ஆற்றின் மேல் 11ஆம் நூற்றாண்டுப் பாலம், நடுவில் கூன் விழுந்து, வளைவுகளுக்கு நடுவே சிறு சன்னல்களோடு இன்னும் நிற்கிறது. சாந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்ரிகர்கள் சிப்பி தொங்கும் பையோடு ஏறி இறங்குகிறார்கள். எட்டு நூற்றாண்டுக்கு முன் ஒரு பையன் இதே பாலத்தடியில் நின்று பிரெஞ்சுக்காரன், ஜெர்மானியன் என்று போகிறவர் வருகிறவர் பேச்சையெல்லாம் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். 1215இல் ரோமில், கத்தோலிக்கத் திருச்சபையின் பெருங்கூட்டமான நான்காம் லாத்தரன் சங்கத்தில் அவர் ஏழெட்டு மொழியில் பேசி அசத்தினார் என்று பின்னால் ஒரு கதை கிளம்பியது. கதை கொஞ்சம் ஊதியதுதான், நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தெருவில் நின்றால் அந்தக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று புரிகிறது.

இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம். சாப்பாடு கிடைத்தபோது மணி பத்து.

நாள் 2: ராதா

‘தே ராதா’ என்றால் ராதா ஊர்க்காரர். நமக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வேறு யார் யாரோ நினைவுக்கு வருவார்கள். இங்கே அது ஒரு குன்று. நவார்ராவின் தெற்கே, வயல்களுக்கு நடுவில், ஆளில்லாத ஊர். 1455இல் நவார்ராவின் உள்நாட்டுச் சண்டையில், அப்பன் அரசனுக்கும் மகன் இளவரசனுக்கும் நடந்த சண்டை அது, ஊரை அடியோடு இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் திரும்பிக் குடியேறவில்லை. தோண்டி எடுத்த வீட்டு அடித்தளங்கள் முழங்கால் உயரத்துக்கு வரிசையாக நிற்கின்றன. சான் நிக்கோலாஸ் என்ற சின்னக் கோயில் மட்டும் முழுசாக இருக்கிறது.

ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. எத்தனை தலைமுறை கால் வைத்த குழி!

அப்பா ஹிமேனோ பெரெஸ் தே ராதா, நவார்ராக்காரர். அம்மா எவா தே ஃபினோஹோசா, காஸ்டில் பிரபுக் குடும்பம். இரண்டு நாடும் எல்லைச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ‘தாய் நவார்ரா, செவிலி காஸ்டில்’ என்பது வெறும் அலங்காரம் இல்லை. தாய்மாமன் மார்ட்டின், உவெர்தா மடத்தின் அதிபராக இருந்தவர், பின்னால் புனிதர் பட்டமும் பெற்றார். மருமகன் ரொட்ரிகோ இத்தாலியின் போலோன்யாவிலும் பாரிஸிலும் படித்தான். 1201இல் பாரிஸில் இருந்தபோதே, தான் எங்கே செத்தாலும் உவெர்தாவில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வயது முப்பதை ஒட்டி இருக்கும். அந்த வயதில் நமக்கெல்லாம் வாடகை ஒப்பந்தம் எழுதவே நேரம் கிடைப்பதில்லை.

நாள் 3: சாலை

பெரிதாக ஒன்றும் இல்லை. தெற்கே நெடுஞ்சாலை, வெயில், லாரிகள். வழியில் அல்கலா தே எனாரெஸில் ஒரு காப்பிக்கு நின்றோம். அங்குள்ள பேராயர் அரண்மனையைக் கோட்டையாகக் கட்டத் தொடங்கியவர் நம் ஆள்தான். 1486இல் இசபெல்லா ராணி கொலம்பஸை முதன்முதலாகச் சந்தித்ததும் இதே இடத்தில். 1939இல் தீப்பிடித்து, அரண்மனையோடு உள்ளே இருந்த அரசு ஆவணக் காப்பகமும் எரிந்துபோனது. இப்போது பார்க்கக் கிடைப்பது மதிலும் மிச்சமும்தான்.

மாலையில் டொலேடோ. வழிகாட்டிச் செயலியை நம்பி ஊருக்குள் வண்டியை விட்டோம், அது என் யோசனை. தெரு ஒடுங்கிக்கொண்டே போய் ஒரு வளைவில் இரண்டு பக்கமும் சுவர். கண்ணாடி உரசியது. பால்கனியிலிருந்து ஒரு பாட்டி கையை ஆட்டி ஆட்டி இடம், வலம் சொல்லி எங்களைப் பின்னுக்கு எடுக்க வைத்தார். தினமும் இதே வேலை போலிருக்கிறது, அலுப்பே இல்லாமல் செய்தார். தம்பி அப்புறம் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

நாள் 4: டொலேடோ, பேராலயம்

காலை பத்து மணிக்கே வரிசை. எல்லோரும் எல் கிரேக்கோவின் ஓவியத்துக்கும், தங்க வெள்ளி வேலைப்பாடுள்ள நற்கருணைக் கூண்டுக்கும் ஓடுகிறார்கள். நான் இரண்டு சிலைகளைத் தேடி வந்தேன்.

முதலில் கட்டடம். 1226ஐ ஒட்டி, அரசர் மூன்றாம் ஃபெர்னாண்டோவும் ரொட்ரிகோவும் சேர்ந்து அடிக்கல் வைத்தார்கள். வேலை முடிந்தது 1493இல். அதுவரை இங்கே இருந்தது டொலேடோவின் பெரிய பள்ளிவாசல், அதைத்தான் நூற்று நாற்பது ஆண்டுகளாகக் கோயிலாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாரிஸில் படித்தவருக்கு அது பிடிக்கவில்லை. பிரெஞ்சுக் கோதிக் பாணி வேண்டும் என்று இடித்துக் கட்டினார். கட்டட வேலை நாளுக்கு நாள் உயர்ந்து மக்கள் வியப்பதாகத் தன் வரலாற்று நூலிலேயே எழுதிக்கொண்டார். தன் வீட்டு வேலையைத் தானே மெச்சிக்கொள்கிற குணம் நமக்குத் தெரியாததா!

ஆனால் பீடத்தைச் சுற்றிவரும் பாதையில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே வரிசையாக ஓடும் சின்ன வளைவுகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகின்றன. பாரிஸில் இப்படி இல்லை. இது கோர்தோபா பள்ளிவாசலின் கை. இடித்த பள்ளிவாசலின் சாயல், கட்டிய கோயிலுக்குள் எப்படியோ ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது சிலைகள். பலிபீடப் பகுதியின் இரண்டு தூண்களில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் ஆட்டிடையர், அவரை நாளை மறுநாள் பார்ப்போம். இன்னொருவர் தலைப்பாகை கட்டிய இஸ்லாமிய மார்க்க அறிஞர். கத்தோலிக்கப் பேராலயத்தின் மிகப் புனிதமான இடத்தில் இவருக்கு என்ன வேலை?

1085இல் காஸ்டில் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ, முஸ்லிம்கள் ஆண்ட டொலேடோவைப் பிடித்தபோது, பெரிய பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ராணி கொன்ஸ்தான்சாவும் பேராயர் பெர்னார்தும் இரவோடு இரவாக ஆட்களோடு நுழைந்து, பீடம் வைத்து, கோபுரத்தில் மணியைக் கட்டிவிட்டார்கள். என் வாக்கு போயிற்றே என்று அரசர் கொதித்துப்போனார். இரண்டு பேரையும் எரித்துவிடுவேன் என்று குதிரையில் பறந்து வந்தார். ஊர் முஸ்லிம்கள் பெண்டு பிள்ளைகளோடு எதிரே போனார்கள். புகார் சொல்ல வருகிறார்கள் என்று அரசர் நினைத்தார். அவர்களோ மண்டியிட்டு, இவர்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார்கள். பேராயர் எங்களால் செத்தால் கிறித்தவர்கள் எங்களை விடமாட்டார்கள், ராணி எங்களால் செத்தால் அவர் பிள்ளைகள் எங்களை என்றைக்கும் மன்னிக்கமாட்டார்கள் என்றார்கள். அரசரும் விட்டுக்கொடுத்தார். அன்று தூது வந்தவர்களின் தலைவர் என்று பிற்காலத்தார் சொன்னவரைத்தான் சிலையாக வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை எழுதி வைத்தது யார்? ரொட்ரிகோ. அந்தப் பள்ளிவாசலை மொத்தமாக இடித்த அதே ரொட்ரிகோ. தன் பீடத்தில் தனக்கு முன் இருந்த ஒரு பேராயர் வாக்கை மீறினார் என்பதை மறைக்கவில்லை. அதைவிட முக்கியம், தோற்றவர்களின் கணக்கை அவர்கள் வாயாலேயே சொல்ல விட்டிருக்கிறார். அது அன்பால் கேட்ட மன்னிப்பு இல்லை, நாளைக்குப் பிழைத்துக் கிடக்க வேண்டுமே என்ற கணக்கு. அதைப் புரிந்துகொண்டு எழுதியவரின் கை, அடுத்த பக்கத்தில் இடிக்கவும் கூசவில்லை. எனக்கு இந்த மனிதர் மேல் மரியாதையும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது.

தம்பி கேட்டான்: “சரிக்கா, அப்போ இவரு நல்லவரா கெட்டவரா?” மதியச் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று நழுவிவிட்டேன்.

நாள் 5: டொலேடோ, சான் ரொமான்

மேட்டுத் தெருவில் ஒரு செங்கல் கோயில், இப்போது, முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் காலப் பொருட்களின் அருங்காட்சியகம். 1221 ஜூனில் ரொட்ரிகோ கையால் அர்ச்சிக்கப்பட்டது. பேராலயத்தில் இருந்த கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட இங்கே வரவில்லை, நல்லதுதான்.

உள்ளே நுழைந்ததும் குழம்பிவிட்டேன். குதிரை லாட வளைவுகள், சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றித் தீட்டியவை. சுவரில் புனிதர்கள், கல்லறையிலிருந்து எழும் இறந்தவர்கள். சன்னல்களைச் சுற்றி அரபு எழுத்துப் பட்டைகள். மறுபக்கம் லத்தீன் எழுத்துகள். எல்லாம் 13ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், ஒரே சுவரில், ஒரே காலத்தில். அன்றைய டொலேடோவில் கிறித்தவர்களே வீட்டுப் பத்திரங்களை அரபியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அந்த எழுத்து அவர்களுக்கு எதிரியின் எழுத்து மட்டும் இல்லை, பத்திர எழுத்து, கடைத்தெரு எழுத்து.

பேராயராக வந்த கையோடு அவர் செய்த காரியங்களில் ஒன்று, தன் கோயிலின் குருவான மார்க் என்பவரை வைத்துக் குர்ஆனை லத்தீனில் மொழிபெயர்க்கச் செய்தது. வேலை 1210இல் முடிந்தது. மறுப்பு எழுதுவதற்குத்தான், சந்தேகமே வேண்டாம். இருந்தாலும் மார்க்கின் மொழிபெயர்ப்பு, அதற்கு முன் வந்த லத்தீன் மொழிபெயர்ப்பைவிட மூலத்தின் சொல்லோடு ஒட்டிப் போகிறது. 1213இல் அதே மார்க், அன்று வட ஆப்பிரிக்காவையும் தெற்கு ஸ்பெயினையும் ஆண்ட முஸ்லிம்களான அல்மொஹாத்களின் இயக்கத்தைத் தொடங்கிய இப்னு தூமர்த்தின் எழுத்தையும் மொழிபெயர்த்தார். ஆண்டைக் கவனியுங்கள். அல்மொஹாத் படையைப் போர்க்களத்தில் முறியடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

பின்னால் ரொட்ரிகோ ‘அரேபியர் வரலாறு’ என்று தனியாக ஒரு நூலே எழுதினார். நபிகளிலிருந்து தொடங்கி ஸ்பெயினில் ஆண்ட முஸ்லிம் அரசர்கள் வரை. மேற்கு ஐரோப்பியக் கிறித்தவர் ஒருவர் முஸ்லிம்களின் வரலாற்றைத் தனி நூலாக எழுதியதில் இதுவே முதல் என்கிறார்கள். 1625இல் அது ஹாலந்தின் லைடனில் அச்சாகவும் வந்தது.

யூதர்கள் விஷயமும் சொல்ல வேண்டும். யூதர்கள் தனி அடையாளம் அணிய வேண்டும் என்று லாத்தரன் சங்கம் 1215இல் விதித்தது. இவர் 1219இல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியஸிடம் அதைக் காஸ்டிலில் நிறுத்திவைக்க அனுமதி வாங்கினார். காரணம் கருணை என்று நான் சொல்லமாட்டேன். யூதர்கள் முஸ்லிம் பக்கம் குடிபெயர்ந்து போய்விட்டால் அரசருக்கும் வருமானம் போகும், இவருக்கும் போகும். அதே ஆண்டு டொலேடோ யூதர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்: வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பொற்காசில் ஆறில் ஒரு பங்கு பேராலயத்துக்குக் கட்ட வேண்டும். கணக்கு வழக்கில் கெட்டி.

கால் வலி. மசப்பான் வாங்கினேன், கன்னியர் மடத்தில் செய்தது. பாதாமும் சர்க்கரையும், ஒரு துண்டுக்கு மேல் திகட்டும். தம்பி ஆறு தின்றான்.

நாள் 6: லாஸ் நாவாஸ் தே தொலோசா

தெஸ்பெனியாபெரோஸ் கணவாய் வழியாக, தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவுக்குள் இறங்கும்போது காரின் வெப்பமானி 38 காட்டியது. சாந்தா எலேனா ஊரில் போரைப் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. மேலே ஏறிப் பார்த்தால் மலைகளும், ஒலிவ் மரங்களும், காய்ந்த புல்லும்தான். போர்க்களம் என்றால் என்னமோ இருக்கும் என்று நினைத்து வந்தால், பூச்சி கத்தும் சத்தம் மட்டும்.

1212 ஜூலை 16. ஒரு பக்கம் காஸ்டிலின் எட்டாம் அல்ஃபோன்சோ, அராகோனின் பெத்ரோ, நவார்ராவின் சாஞ்சோ. மறுபக்கம் அல்மொஹாத் கலீஃபா முஹம்மது அன்-நாசிர். படை திரட்டப் பிரான்ஸ் வரைக்கும் போய் வந்தவர் ரொட்ரிகோ. அப்படித் திரண்டு வந்த வெளிநாட்டு வீரர்களில் பெரும்பாலோர், வெயில் தாங்காமலும், சரணடைந்தவர்களைக் கொல்லாமல் விட்டது பிடிக்காமலும், பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். இன்றைய வெயிலில் நின்று சொல்கிறேன், முதல் காரணத்தில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கணவாயை எதிரி அடைத்துக்கொண்டான். அப்போதுதான் அந்த ஆட்டிடையர் வந்தார். ரொட்ரிகோ எழுதுகிறபடி, அழுக்கு உடையில், பார்க்கச் சகிக்காத ஒரு சாமானியர். இந்த மலையில் மந்தை மேய்த்து, முயல் பிடித்துப் பழகியவர். எதிரி கண்ணில் படாத ஒரு வழியைக் காட்டினார். இன்று அவர் பேராலயத் தூணில் நிற்கிறார். பெயரும், வழியில் கிடந்த மாட்டு மண்டையோட்டை அடையாளம் சொன்ன கதையும் பின்னால் ஒட்டிக்கொண்டவை.

சண்டை திசைமாறும்போல் இருந்த நேரத்தில், பேராயரே, நீரும் நானும் இங்கேயே சாவோம் என்று அரசர் சொன்னாராம். இல்லை, இங்கே நீங்கள் வெல்லத்தான் போகிறீர்கள் என்றாராம் பேராயர். சொன்னவர் யார்? அதே பேராயர். பக்கத்தில் நின்று கேட்டவரும் அவர்தான், முப்பது வருஷம் கழித்து 1243இல் எழுதி முடித்தவரும் அவர்தான். எதிரிப் படையில் 2 லட்சம் பேர் செத்தார்கள், நம் பக்கம் 25 பேர்கூடத் தேறாது என்றும் எழுதுகிறார். படித்தபோது சிரித்துவிட்டேன்.

ஆனால் அதே பக்கங்களில் வேறொன்றும் இருக்கிறது. வென்ற பிறகு எதிரியின் முகாமிலேயே தங்கினார்கள். இரண்டு நாள் அடுப்பெரிக்க எதிரி விட்டுப்போன ஈட்டியையும் அம்பையும் தவிர வேறு விறகே எடுக்கவில்லை, அப்படியும் பாதியைக்கூட எரித்துத் தீர்க்க முடியவில்லை. இதை யாரும் உட்கார்ந்து கற்பனை செய்யமாட்டார்கள். அந்தப் புகையில் கண் எரிந்தவர்தான் எழுத முடியும். 2 லட்சத்தை நம்பாத நான் இந்த அம்பு விறகை நம்புகிறேன்.

கீழே இறங்கியபோது தம்பி தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

நாள் 7: சாந்தா மரீயா தே உவெர்தா

நீண்ட ஓட்டம். மாட்ரிட்டைத் தாண்டி, சரகோசா சாலையில், சோரியா மாநிலத்தின் ஓரத்தில் ஒரு கிராமம். மதிலுக்குள் சிஸ்டர்சியன் சபைத் துறவிகளின் மடம், அடிக்கல் 1179இல் எட்டாம் அல்ஃபோன்சோ வைத்தது. 19ஆம் நூற்றாண்டில் துறவிகளை வெளியேற்றினார்கள், 1930இல் திரும்பி வந்து இன்றும் இருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கூடம். 13ஆம் நூற்றாண்டு. கோயில் என்று சொன்னால் நம்பும் உயரம். பக்கச் சுவருக்குள்ளேயே படிக்கட்டு செதுக்கி, மேலே ஒரு வாசிப்பு மேடை. துறவிகள் பேசாமல் சாப்பிட, ஒருவர் அங்கிருந்து வாசிப்பார். நான் ஏறவில்லை, கயிறு கட்டியிருந்தது. கீழே நின்று தம்பியை மெல்ல ஏதாவது பேசச் சொன்னேன். “பசிக்குது” என்றான். அந்தச் சொல் கூரை வரை போய் வந்தது.

கோயிலின் பலிபீடப் பகுதியில் அவர் கல்லறை. மாமன் மார்ட்டினும் இங்கேதான். சுவரில் 16ஆம் நூற்றாண்டு ஓவியமாக நேற்று நாங்கள் நின்ற அதே போர், ஆனால் குளிர்ச்சியான வண்ணங்களில். 1247 ஜூன் 10. பிரான்ஸின் லியோன் நகரில் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட்டைப் பார்த்துவிட்டு ரோன் ஆற்றில் படகில் திரும்பும்போது இறந்தார். கோடைக்காலம், அவ்வளவு தூரம். உடலைப் பதப்படுத்தி, பிரனீஸ் மலை தாண்டி இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். தான் அடிக்கல் வைத்த பேராலயத்தில் இடம் கேட்டிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? பாரிஸ் மாணவன் எழுதிக் கொடுத்த சீட்டுதான் ஜெயித்தது.

கல்லறையைத் திறந்து பார்த்தபோது உடல் அப்படியே காய்ந்து நிலைத்திருந்தது. பேராயருக்குரிய முழு உடையும் இருந்தது. அந்த உடையில் ஆந்தலூசியப் பட்டு, முஸ்லிம் தறியில் நெய்தது. அன்றைக்கு அதைவிட நல்ல பட்டு கிடையாது, அவ்வளவுதான் காரணமாக இருக்கும். அரசர்களும் அதில்தான் புதைந்தார்கள். குர்ஆனை மொழிபெயர்க்க வைத்தவர், பள்ளிவாசலை இடித்தவர், அவர்கள் அம்பை விறகாக்கியவர், அவர்கள் நெய்த துணியில் ஏறக்குறைய எண்ணூறு வருஷம் படுத்திருக்கிறார்.

தம்பி கல்லறை முன்னால் என்னைவிட அதிக நேரம் நின்றான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. அந்தப் பட்டை நெய்தவன் யாருக்குன்னு நெனச்சு நெய்திருப்பான்?”

வெளியே மடத்துக் கடையில் துறவிகள் செய்த பழ ஜாம். இரண்டு பாட்டில் எடுத்தோம். வயதான துறவி ஒருவர் சில்லறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்தார். காருக்கு வந்தால் கண்ணாடி உரசல் அப்படியே இருக்கிறது. காரை வாடகைக்குக் கொடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது என்று மாட்ரிட் போகும் வரை பேசிக்கொண்டே போக வேண்டும்.